இரண்டாம் முறை 'நீட்' எழுதும் பெண் உங்கள் வீட்டில் இருக்கிறாளா?

பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு ஊரில் இரண்டே பெயர்தான். கல்லூரிக்குப் போனால் 'படிக்கிறா'. போகாவிட்டால் 'சும்மா இருக்கிறா'. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு ஜாதி உண்டு. டாக்டர் படிப்புக்கான நீட் தேர்வை ஒரு தடவை எழுதி, மார்க் போதாமல், அடுத்த வருஷம் மறுபடி எழுதுவதற்காக வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கிற பெண். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு ஒன்பதரை வரை புத்தகமும் கையுமாக இருப்பாள். ஆனாலும் ஊர் கணக்கில் அவள் 'சும்மா இருக்கிற' பெண்தான்!

எங்கள் உத்தனப்பள்ளியில் இந்தப் பேச்சுக்குக் கூர்மை கொஞ்சம் அதிகம். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில் உள்ள ஊர் இது. தக்காளியும் கேழ்வரகும் ரோஜாவும் விளைந்த சுற்றுவட்டாரத்தில், சில வருஷங்களாகப் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வந்து, ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் வேலை பார்க்கிறார்கள். பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி பஸ்ஸில் ஏறினால் மாதம் பிறந்ததும் சம்பளம். "எதிர் வீட்டுப் பொண்ணு சம்பளத்த அப்படியே கொண்டாந்து அம்மா கையில குடுக்குது. உம் பொண்ணு என்னாடான்னா இன்னும் புஸ்தகத்தக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்குதே?" என்று கேட்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. கணக்குத் தெரிந்தவர்கள், அதனால் கேட்கிறார்கள். ஒரு வருஷச் சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு பெண் வீட்டில் உட்காருவது என்பது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

என் மகள் 2024-ல் முதல் தடவையும் 2025-ல் இரண்டாம் தடவையும் எழுதினாள். நடுவில் இருந்த அந்த ஒரு வருஷத்தை எங்கள் வீடு எப்படி நடத்தியது என்பதைத்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வருஷத்தை வீட்டுக்குள் வைத்து நடத்துவது எப்படி என்பது நம்மைப் போன்ற பெண்களுக்குத் தெரிந்த வித்தைதானே?

முதலில், திரும்ப எழுதுவது வெட்கப்பட வேண்டிய காரியம் என்கிற நினைப்பை வீட்டை விட்டுத் துரத்துங்கள். தமிழ்நாட்டு அரசு 2021-ல் நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் அமைத்த குழு ஒரு கணக்கு எடுத்தது. 2016-17-ல் நம் மாநிலத்தில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் பழைய வருஷத்து மாணவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் சொச்சம்தான். அப்போது பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம் கொடுத்தார்கள். நீட் வந்த பிறகு 2020-21-ல் அதுவே நூற்றுக்கு 71 ஆகிவிட்டது! அதாவது, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கல்லூரிக்குள் நுழைந்த பத்துப் பிள்ளைகளில் ஏழு பேர் ஒரு வருஷமோ அதற்கு மேலோ 'சும்மா இருந்தவர்கள்'. இந்தக் கணக்கை என் மாமியாரிடம் சொன்னபோது, "அப்போ நம்ம பொண்ணு ஒண்ணும் அதிசயமா செய்யல" என்றார். அதற்குப் பிறகு அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்தக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இதில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஒரு வருஷம் சம்பாத்தியம் இல்லாமல், பயிற்சி வகுப்புக்குப் பணமும் கட்டி, பிள்ளையை உட்கார வைக்க முடிகிற வீட்டுக்குத்தான் இந்தத் தேர்வு வளைந்து கொடுக்கிறது. நம் சட்டசபை நீட்டிலிருந்து விலக்குக் கேட்டு 2021-லும் 2022-லும் மசோதா நிறைவேற்றி அனுப்பியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டசபையில் தெரிவித்தார். அதெல்லாம் பெரியவர்கள் நடத்துகிற வழக்கு. நம் பெண்ணுக்கு வயது ஓடிக்கொண்டிருக்கிறது. இருக்கிற தேர்வை எழுதத்தான் வேண்டும்.

ஒரு வருஷமா, இரண்டு வருஷமா?

இதை ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டும். இந்தத் தேர்வை இத்தனை தடவைதான் எழுதலாம் என்று கட்டுப்பாடு கிடையாது. 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பையும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் 61 வயதான ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நீட் எழுதித் தேறி, 2022 ஜனவரியில் கலந்தாய்வு வரை வந்தார். பிறகு, ஓர் இளம் மாணவருக்கு அந்த இடம் போகட்டும் என்று தானாகவே விட்டுக் கொடுத்துவிட்டார். பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அவருக்குக் கும்பிடு போடலாம். ஆனால் கதவு திறந்தே இருக்கிறது என்பதாலேயே நம் பெண் அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருக்க முடியுமா?

நாங்கள் 2024 ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம். அவள், நான், என் கணவர், என் மாமியார் நால்வரும். ஒரே ஒரு வருஷம். அடுத்த தேர்வில் என்ன வந்தாலும் அந்த வருஷமே ஒரு கல்லூரியில் சேர வேண்டும். எம்.பி.பி.எஸ். கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் பல் மருத்துவம், சித்த மருத்துவம், அதுவும் இல்லாவிட்டால் பி.எஸ்ஸி. நர்ஸிங். இதை ஒரு காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போட்டோம். சிரிக்காதீர்கள்! அந்தக் காகிதம் பின்னால் எவ்வளவு உதவியது என்பதைச் சொல்கிறேன்.

பல் மருத்துவத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் நீட் தேறியிருக்க வேண்டும். ஆனால் நம் மாநிலத்தில் நர்ஸிங், பார்மஸி போன்றவற்றுக்கும், கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கும், விவசாயப் படிப்புக்கும் பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. இது பல தாய்மார்களுக்குத் தெரிவதில்லை. நீட் போனால் எல்லாம் போச்சு என்று பெண்ணும் அழுகிறாள், அம்மாவும் அழுகிறாள். பி.டெக். கோழியினத் தொழில்நுட்பம் என்று ஒரு படிப்பு ஓசூர் மத்திகிரியிலேயே இருக்கிறது. நம் ஊர் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்!

அதே படிப்பை அதே மாதிரி படித்தால்...

முதல் தடவை எழுதிய பெண் இரண்டாம் வருஷம் ஜூன் மாதம் உட்கார்ந்து பதினோராம் வகுப்பு உயிரியல் முதல் பாடத்தின் முதல் பக்கத்தைத் திறந்தால், கொஞ்சம் நிறுத்துங்கள். அவளுக்கு எது தெரியாது என்பது அவளுக்கே தெரிய வேண்டும். என் மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியை, முதல் வேலையாக அவள் எழுதி முடித்த வினாத்தாளைக் கொண்டுவரச் சொன்னார். தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடச் சொன்னார். பாடமே தெரியாமல் தப்பானதற்கு 'தெ'. தெரிந்திருந்தும் கணக்கில், கூட்டல் கழித்தலில் தவறியதற்கு 'க'. கேள்வியைச் சரியாக வாசிக்காமல் போனதற்கு 'வா'. ('சரியல்லாதது எது' என்று கேட்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் 'சரியானது எது' என்று வாசித்துவிட்டுப் போவார்கள்.)

இந்தக் கணக்கை எனக்குப் புரிகிற மாதிரி மகள் சொன்னாள். 2025-ல் இருந்த முறைப்படி மொத்தம் 180 கேள்விகள், 720 மார்க். பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45, உயிரியல் 90. நேரம் மூன்று மணி. சரியான விடைக்கு 4 மார்க்; தப்பானால் கையில் இருப்பதிலிருந்து 1 மார்க் கழியும். ஒரு பெண் 150 கேள்விக்கு விடை குறித்து, 100 சரி, 50 தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 400-ல் 50 போக 350. அந்த ஐம்பதில் இருபது 'க'வும் 'வா'வும். அவற்றை மட்டும் சரி செய்தால் 120 சரி, 30 தப்பு. 480-ல் 30 போக 450. புதிதாக ஒரு பாடம் கூடப் படிக்காமல் 100 மார்க் கூடுகிறது! வீட்டுச் செலவில் ஓட்டை எங்கே என்று பார்க்கிற மாதிரிதான் இதுவும். வரவைக் கூட்டுவதற்கு முன்னால் ஒழுகலை அடைக்க வேண்டும்.

அதற்காக ஒரு தனி நோட்டு போட்டாள். 'தப்பு நோட்டு' என்று பெயர். வாரா வாரம் எழுதுகிற மாதிரித் தேர்வில் தப்பியதெல்லாம் அதில் ஏறும். வருஷக் கடைசியில் புத்தகங்களைவிட அந்த நோட்டுதான் அதிகம் கசங்கிப் போயிருந்தது.

கொஞ்சம் கூடத் தெரியாத கேள்விக்கு விடை குறிக்கலாமா என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சந்தேகம் உண்டு. நாலு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்பதுபோல, சராசரி கால் மார்க்தான் கிடைக்கும். இரண்டு விடைகள் நிச்சயம் தப்பு என்று ஒதுக்கிவிட முடிந்தால் சராசரி ஒன்றரை மார்க். அப்போது துணியலாம். 'அம்மா, பாதி தெரிஞ்சா குறிக்கணும், ஒண்ணுமே தெரியலைன்னா நேரத்த வீணாக்காம அடுத்ததுக்குப் போகணும்' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டாள்.

இரண்டாம் தடவையில் எழும்பிய பிள்ளைகளில் எனக்குத் தெரிந்து பெரிய உதாரணம் தேனி மாவட்டம் சில்வார்பட்டி அரசுப் பள்ளியில் படித்த ஜீவித்குமார். ஆடு மேய்க்கிறவரின் மகன். 2019-ல் முதல் தடவை எழுதியபோது 193 மார்க். ஆசிரியர்களும் நல்ல மனம் கொண்ட சிலரும் கைகொடுக்க, ஒரு வருஷம் அதற்கென்றே உட்கார்ந்து படித்து, 2020-ல் 664 எடுத்தார். அதே வருஷம்தான் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவிகித உள்ஒதுக்கீடு வந்தது. அந்தப் பையனை உதாரணமாகச் சொல்லி உங்கள் பெண்ணை மிரட்டாதீர்கள். எல்லோருக்கும் 471 மார்க் கூடாது. 193 எடுத்த பையனைப் பார்த்து 'இவனால் முடியாது' என்று யாரும் முத்திரை குத்திவிடவில்லையே, அதைப் பாருங்கள்.

இன்னொன்று: இந்த வருஷ மார்க்கைப் போன வருஷ மார்க்கோடு ஒப்பிட்டுப் பெண்ணைத் திட்டாதீர்கள். 2024-ல் முதலில் வந்த முடிவில் 67 பேர் 720-க்கு 720 என்றார்கள். கருணை மதிப்பெண் தகராறு, 1,563 பேருக்கு மறுதேர்வு, சுப்ரீம் கோர்ட் வழக்கு என்று நாடே அமர்க்களப்பட்டது. 2025-ல் பிசிக்ஸ் கடினம். நாட்டிலேயே முதல் மார்க் 686-தான். பொதுப் பிரிவில் தேறுவதற்கான மார்க் 2024-ல் 162, 2025-ல் 144. ஆகவே மார்க் குறைந்தும் தர வரிசையில் மேலே போயிருக்கலாம். பார்க்க வேண்டியது வரிசை எண்ணை. 'தேறினாள்' என்பதும் 'இடம் கிடைத்தது' என்பதும் வேறு வேறு என்பதையும் மனதில் வையுங்கள். தேறுகிறவர்கள் பல லட்சம். இடங்கள் மிகக் குறைவு.

இரண்டு மணி வெயிலும் இரண்டு மணித் தூக்கமும்

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இது. நீட் நடப்பது மே மாதம், பகல் இரண்டு மணிக்கு. ஒன்றரைக்கெல்லாம் கேட்டைச் சாத்திவிடுவார்கள். நம் வீட்டில் இரண்டு மணி என்றால் என்ன? சாப்பிட்டுக் கண் சொக்குகிற நேரம்! விடியற்காலையில் படித்துப் படித்து விடியற்காலையில் மட்டும் வேலை செய்கிற மூளையைப் பகல் இரண்டு மணிக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தால் அது என்ன செய்யும்?

நாங்கள் ஜனவரியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பகல் இரண்டு முதல் ஐந்து வரை வீட்டிலேயே தேர்வு வைத்தோம். டி.வி. கிடையாது, குக்கர் விசில் கிடையாது, சொந்தக்காரர் வந்தால் திண்ணையோடு சரி. புத்தகக் கடையில் விற்கிற ஓ.எம்.ஆர். தாளில் கறுப்புப் பேனாவால் வட்டம் நிரப்பிப் பழகினாள். 180 வட்டம் நிரப்பவே கணிசமான நேரம் போகிறது; அது பழகாத பிள்ளைகள் கடைசியில் தவிக்கிறார்கள். பழைய வினாத்தாள்களும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் காசில்லாமல் இன்டர்நெட்டில் கிடைக்கின்றன. செல்போனில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதைவிட, ஓசூருக்குப் போகிறபோது பிரதி எடுத்து வந்துவிடலாம்.

ஞாயிறுகளில் சாப்பாடு பதினொன்றரைக்கே. எங்கள் பக்கம் மதியம் களியும் கீரைக் குழம்பும் இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ஆனால் வயிறு முட்டக் களி சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் கணக்குப் போட முடியுமா? அன்றைக்கு மட்டும் அளவான சாதம், பருப்பு, ஒரு காய், மோர். மற்ற நாட்களில் கேழ்வரகை விடாதீர்கள். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. வேர்க்கடலைச் சட்னி, முட்டை, முருங்கைக் கீரை, ஒரு நெல்லிக்காய். சாப்பாட்டோடு டீ குடிக்கிற பழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள். இரும்புச் சத்து உடம்பில் சேருவதை டீ தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்த சோகை உள்ளவர்கள் என்று அரசுக் கணக்கே சொல்கிறது. 'படிச்சா தலை சுத்துது, பத்து நிமிஷத்துல தூக்கம் வருது' என்று பெண் சொன்னால் சோம்பேறி என்று சொல்வதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். தலைவலி ஓயாமல் இருந்தால் கண் பரிசோதனை.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். 'எம் பொண்ணு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிக்கிறா' என்று பெருமை பேசுகிற அம்மாக்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பதினெட்டு வயசுக்கு ஏழரை, எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் படித்தது மனதில் தங்குவதே தூங்குகிறபோதுதான். எங்கள் வீட்டில் ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுவோம். விடியற்காலை ஐந்துக்கு எழுந்திருப்பாள். முதல் ஷிப்ட் பஸ்ஸின் ஹாரன்தான் எங்களுக்குச் சேவல்.

வீட்டு வேலை கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம் என்பேன். துணி மடிப்பது, பூக்கட்டுவது, வாசல் தெளித்துக் கோலம் போடுவது; உடம்பு அசைகிற, மனதுக்கு ஓய்வு தருகிற வேலை அரை மணி நேரம். 'கடைக்குப் போய்ட்டு வா', 'தம்பியைக் கூட்டிட்டு வா' என்று படிப்பின் நடுவில் கூப்பிடுவதுதான் கூடாது. கல்யாணம் காதுகுத்து விஷயத்திலும் கண்டிப்பாக இருந்தோம். அந்த வருஷம் அவள் போனது இரண்டே இரண்டு விசேஷங்கள். என் நாத்தனாருக்கு இதில் வருத்தம்தான். "வருஷம் முடியட்டும் அண்ணி, நானே கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

பாஷை விஷயம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, தெருவில் தமிழ், பயிற்சி வகுப்பில் இங்கிலீஷ். பிள்ளைகள் திண்டாடிப் போகிறார்கள். நீட் வினாத்தாளைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம்; அப்போது தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தே அச்சாகி வரும். ஆனால் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் இங்கிலீஷில் இருப்பதுதான் செல்லும். அதனால் தமிழில் படித்த பெண்ணும் கலைச்சொற்களை இரண்டு பாஷையிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒளிச்சேர்க்கை என்றால் போட்டோசிந்தசிஸ், சவ்வூடு பரவல் என்றால் ஆஸ்மாஸிஸ். சமையலறைக் கதவில் தினம் பத்துச் சொல் ஒட்டுவாள். இப்போது எனக்கே பாதி தெரியும்!

மனசு

இதைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது; எழுதாமல் விடவும் முடியாது. 2017-ல் அரியலூர் மாவட்டத்து அனிதா, பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்த பெண், நீட்டில் மார்க் வராமல் உயிரை விட்டதை யார் மறக்க முடியும்? அதற்குப் பிறகும் எத்தனை பிள்ளைகள்!

திரும்ப எழுதும் பெண்ணுக்குப் பாடத்தைவிடப் பாரம், தனிமை. கூடப் படித்தவர்கள் கல்லூரிப் படங்களை அனுப்புவார்கள். இவள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். சாப்பாடு குறைந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, தனக்குப் பிடித்த பொருட்களை யாருக்காவது கொடுத்தாலோ, 'என்னால உங்களுக்குச் செலவுதான்' என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ, அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உட்கார வைத்து நேராகக் கேளுங்கள். கேட்பதால் கெடுதல் வராது. 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, இரவிலும் பேசலாம். இரண்டு எண்ணையும் காலண்டரில் எழுதி மாட்டியிருந்தேன். எதற்கு என்று அவள் கேட்டாள். "எனக்குத்தான்" என்றேன்! உண்மையில் மார்ச் மாதம் ஒரு நாள் நானேதான் அழைத்துப் பேசினேன்.

தினமும் மாலையில் அரை மணி, படிப்பைப் பற்றிப் பேசாமல் அவளோடு நடந்துவிட்டு வருவேன். தக்காளி விலை, பக்கத்துத் தெரு சண்டை, சினிமா, எதுவானாலும் சரி. 'எத்தனை பாடம் முடிச்ச?' என்ற கேள்வி மட்டும் அந்த அரை மணியில் வரக்கூடாது.

தேர்வு நாள்

அரைக் கை உள்ள மெல்லிய உடை, செருப்பு, நகை ஒன்றும் கூடாது. மூக்குத்தி, தோட்டை முந்தின நாளே கழற்றிவிடுங்கள். வாசலில் வைத்து இழுத்தால் ரத்தமும் வரும், அழுகையும் வரும். ஹால் டிக்கெட்டில் போட்டிருக்கிற விதிகளை வரி வரியாக வாசித்துக்கொள்ளுங்கள். மையம் வேறு ஊரில் விழுந்தால் ஒரு தடவை முன்கூட்டியே போய் வந்துவிடுவது நல்லது.

பாத்ரூம் போக வேண்டி வருமே என்று பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மே மாத வெயிலில் இது ஆபத்து. தலைவலியும் நீர்க்கடுப்பும் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். மாதவிலக்கு அந்தத் தேதியில் வருமோ என்று பயந்து கடையில் மாத்திரை வாங்கித் தள்ளிப்போடாதீர்கள். தேவையானால் ஒரு மாதம் முன்பே லேடி டாக்டரைக் கேளுங்கள்.

என் மகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மார்க்கை எழுதப் போவதில்லை. அது அவள் சொத்து. தர வரிசையில் நன்றாக மேலே வந்தாள். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் பல் மருத்துவம் கிடைத்தது. உடனே வந்துவிட்டார்கள், "இவ்வளவு கிட்ட வந்துட்டு விடலாமா? இன்னும் ஒரே ஒரு வருஷம்" என்று சொல்ல. இரண்டு நாள் அவளும் ஊசலாடினாள். அப்புறம் அவளே போய் அந்தக் காலண்டர் காகிதத்தை எடுத்து வந்து படித்துவிட்டு, "நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்மா" என்றாள். சேர்ந்துவிட்டாள். மூன்றாம் தடவை எழுதிச் சாதித்த பிள்ளைகளும் உண்டு, மறுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அது சரிப்படாது என்பதை, ஆசை கண்ணை மறைப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்திருந்தோம்.

கடைசியாக, காகிதங்கள். எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு இது முக்கியம். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் பிழைப்புக்காக இரண்டு வருஷம் அத்திப்பள்ளி பக்கம் போய், பையன் ஆறாவதும் ஏழாவதும் கர்நாடகத்தில் படித்தான். பிறகு இங்கே வந்து அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வரை முடித்தான். நல்ல மார்க். ஆனால் 7.5 சதவிகித ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். (கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.) அந்த ஒதுக்கீடு அவனுக்கு இல்லை என்றாகிவிட்டது. மாநில ஒதுக்கீட்டில் பொதுவாக இடம் கேட்கவும் இருப்பிடச் சான்றுக்கு அலைய வேண்டியிருந்தது. அஞ்சாவது ஆறாவது படிக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓசூருக்கும் ஆனேக்கலுக்கும் வீடு மாற்றுகிற இளம் தாய்மார்கள் இதை இப்போதே மனதில் வைக்க வேண்டும்.

ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை படித்ததற்கான சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஆதாரில் ஒரு மாதிரியும் மார்க் ஷீட்டில் வேறு மாதிரியும் பெயர் இருப்பது தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளில் சகஜம். இனிஷியல் கூட மாறியிருக்கும். நீட்டுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே திருத்திவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் தெருவரை நிற்கும். பொங்கல் கழிந்த கையோடு போனால் உட்காரப் பெஞ்சு கிடைக்கும்.